பெரியப்பாவின் டபிள் பேஸ்: ஓடாவியாரிடம் கொடுப்பதற்கு முன்

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் விளங்கிக்கொள்ளும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் கொழும்பில் பாண்டில் வாசித்த பெரியப்பா வவுனியாவில் காலமாகிவிட்டார். அவருடைய டபிள் பேஸ், அதாவது வயலின் வடிவில் ஆளுயரத்துக்கு நிற்கும் தந்தி வாத்தியம், இப்போது மாங்குளத்தில், உங்கள் வீட்டுத்திட்ட வீட்டு விறாந்தையில், சுவரில் சாய்ந்து நிற்கிறது. நாலு தந்தியில் இரண்டு இல்லை. தந்திகளைத் தாங்கும் மரக்கட்டையான குதிரை விழுந்து ஒரு துணிப்பைக்குள் கிடக்கிறது. அசைத்தால் உள்ளே ஏதோ உருளுகிறது. கீழ்ப்பக்கத்தில் மேற்பலகைக்கும் விலாப்பலகைக்கும் நடுவில் நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருக்கிறது. ஊர் ஓடாவியார் பார்த்துவிட்டு, "இரண்டு நாள் விடுங்கோ பிள்ளை, ஆணி அடிச்சு ஒட்டி, புதுசு மாதிரிப் பொலிஷ் போட்டுத் தாறன்" என்கிறார். கொடுக்கலாமா, பிறகு இதை எப்படிப் பழகுவது என்பதுதான் கேள்வி.

கொடுக்க வேண்டாம். அவருக்குத் தொழில் தெரியாது என்று நான் சொல்லவில்லை. கதவு நிலை செய்கிறவருக்கு ஒட்டு என்றால் ஒருநாளும் விடக்கூடாது. இந்த வாத்தியத்திலோ, விட வேண்டிய நேரத்தில் ஒட்டு விட்டே ஆகவேண்டும். நீங்கள் எழுதிய குறைகளைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்: தந்தி இல்லை, குதிரை விழுந்துவிட்டது, உள்ளே உருளுகிறது, ஓரம் வாய் திறந்திருக்கிறது. இதில் ஒன்றுகூட உடைவு இல்லை. எல்லாம் கழன்றவைதான், கழன்றதைத் திரும்பப் பூட்டலாம். ஆணி ஏறிய பலகையை யாரும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்றால், குதிரையை எந்தப் பசையும் பிடித்திருப்பதில்லை. தந்திகளின் அமுக்கத்தில்தான் அது நிற்கிறது. உள்ளே உருளுவது அநேகமாகச் சவுண்ட் போஸ்ட். பெருவிரல் மொத்தத்தில், மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையில் இறுக்கி நிறுத்தப்படும் உருண்டைக் கம்பு அது. அதற்கும் பசை கிடையாது. தந்தி தளர்ந்தால் குதிரை விழும், அதோடு பல தடவை போஸ்டும் சாயும். பசை போட்ட இடங்களில்கூட, மாட்டுத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் வச்சிரத்தைத்தான் போடுவார்கள். ஓரங்களில் வேண்டுமென்றே அதைத் தண்ணியாகப் போடுவார்கள். பலகை நெடுக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். குறுக்கில்தான் ஊதுவதும் சுருங்குவதும். அப்படிச் சுருங்கும்போது எங்காவது ஓரிடம் விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டு மின்சாரத்துக்குப் பியூஸ் எப்படியோ, பேஸுக்கு அந்த ஓர ஒட்டு அப்படி. அதை அரால்டைட்டால் ஒட்டிவிட்டால் அடுத்த கோடையில் ஒட்டு அசையாது, பலகை நடுவில் வெடிக்கும். சூப்பர் குளூ, வெள்ளைப் பசை எதுவானாலும் கதை இதுதான். அதோடு, வச்சிரத்தைச் சூடும் ஈரமும் காட்டிக் கழற்றலாம். மற்றவற்றைக் கழற்றப் போனால் மரமும் சேர்ந்து வரும்.

இப்போது இடம். விறாந்தையிலிருந்து இன்றைக்கே உள்ளே எடுங்கள். வன்னியில் இதற்கு இரண்டு சோதனைக் காலம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்திலிருந்து ஆவணி நடுவில் மடுத் திருவிழா முடியும்வரை சோளகக் காற்று அடித்து, பகலில் சுவரே சுடும். அப்போது பலகை சுருங்கும். பிறகு கார்த்திகையில் மழை பிடித்து, இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற காலம் வந்தால், அதே பலகை ஊதும். சூட்டையோ ஈரத்தையோ தனியாக வைத்துப் பார்த்தால் பேஸ் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சடாரென்று மாறுவதைத்தான் அது தாங்காது. விறாந்தையில் காலை வெயில், மத்தியான அனல், இரவுப் பனி எல்லாம் ஒரே நாளில் அதன்மேல் போகும்.

வீட்டின் நடு அறையில், வெளிச்சுவராக இல்லாத ஒரு சுவரைத் தெரிவு செய்யுங்கள். யன்னல் வெயில் நேரே படக்கூடாது, அடுப்புப் புகை வரக்கூடாது, சீற்றுக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத அறையாகவும் இருக்கக்கூடாது. விசிறிக் காற்று நேரே அடிக்கிற இடமும் வேண்டாம். ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்று இப்போது மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி அந்த அறையில் மாட்டுங்கள். நூற்றுக்கு 40 முதல் 60 வரை நின்றால் மிக நல்லது. மாரியில் அது 80 ஐத் தாண்டும், அதற்காகப் பயப்பட வேண்டாம். வெளிநாட்டுப் புத்தகங்களில் வாத்தியத்துக்குள் ஈரக் குழாய் தொங்கவிடச் சொல்வார்கள். அது பனிக்காலத்தில் அறையைச் சூடாக்கும் நாடுகளுக்கு. நம் பக்கத்தில் காற்று அவ்வளவு வரள்வதில்லை. அதைச் செய்தால் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

நிற்க வைப்பதைவிட, இப்போதைக்கு விலாப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைப்பது பாதுகாப்பு. ஒட்டு விடாத பக்கம் கீழே இருக்கட்டும், அதன் கீழே பழைய மெத்தையோ தடித்த போர்வையோ போடுங்கள். முதுகைக் கீழே வைத்துக் கிடத்த வேண்டாம். நிலத்தில் நேரே வைக்கவும் வேண்டாம். சீமெந்து நிலம் என்றாலும் வெடிப்புக்குள்ளால் கறையான் ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாண் உயரத்தில் ஒரு பலகைத் தட்டு, அதுவும் சுவரைத் தொடாமல். கிழமைக்கு ஒருமுறை கீழே குனிந்து மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாத்தியத்துக்குக் கீழே மெல்லிய மாத்தூள் கொட்டிக் கிடந்தால், அது கறையான் வேலை இல்லை, மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. அப்படியானால் வேறு மரச்சாமான்களிலிருந்து உடனே பிரித்து வைத்து எனக்கு எழுதுங்கள்.

இனி, உங்களிடம் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு மத்தியானமும், போன் டோர்ச்சும், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் போதும்.

முதல் கேள்வி, செதுக்கியதா, பிளைவூட்டா என்பது. மேற்பலகையில் எஃப் வடிவில் இரண்டு துளை இருக்கிறதல்லவா, அதன் வெட்டு விளிம்பை டோர்ச் அடித்துக் கிட்டப் பாருங்கள். பலகையின் நார்க் கோடுகள் மேலிருந்து அப்படியே விளிம்புக்குள் இறங்கி, உட்பக்கம்வரை போனால் அது முழு மரத்தில் செதுக்கியது. விளிம்பில் மூன்று, நாலு அடுக்குத் தெரிந்து, ஓர் அடுக்கின் நார் குறுக்கே ஓடினால் பிளைவூட். பிளைவூட் என்றால் மனம் சோர வேண்டாம். அமெரிக்காவில் சிக்காகோவின் கே நிறுவனம் 1937 முதல் பிளைவூட் பேஸ் செய்து விற்றது. இன்றைக்கும் ஜாஸ் வாசிக்கிறவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அதைவிட, வன்னிச் சூட்டுக்குப் பிளைவூட்தான் ஈடுகொடுக்கும், வெடிப்பது குறைவு. செதுக்கியது என்றால் மேற்பலகை ஸ்புரூஸ், பின்பலகையும் விலாவும் மேப்பிள் என்பதுதான் வழக்கம். சத்தம் ஆழமாக இருக்கும், ஆனால் அதற்குரிய கவனமும் வேண்டும்.

அடுத்து, எஃப் துளைக்குள்ளால் பின்பலகையில் ஒட்டியிருக்கும் லேபலைப் பாருங்கள். பெயர்பெற்ற பழைய இத்தாலிய வயலின் செய்தவரின் பெயரான ஸ்ட்ராடிவாரியஸ் என்று இருந்தால் சிரித்துவிட்டு விடுங்கள். ஆலைகளில் ஆயிரக்கணக்கில் அடித்து ஒட்டிய லேபல் அது. நாட்டின் பெயர்தான் உதவும். செக்கோஸ்லோவாக்கியா என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1918 க்கும் 1992 க்கும் இடையில் செய்தது, ஏனென்றால் அந்தப் பெயரில் நாடு இருந்தது அப்போதுதான். ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு என்றால் 1949 க்கும் 1990 க்கும் இடையில். ஊர்ப் பெயர் மார்க்நொய்கிர்கென் அல்லது மிட்டன்வால்ட் என்று இருந்தால், இரண்டும் பல தலைமுறையாக வயலின் குடும்ப வாத்தியங்கள் செய்யும் ஜெர்மன் ஊர்கள். லேபலைப் பிய்க்கவோ துடைக்கவோ வேண்டாம், படம் மட்டும் எடுங்கள்.

அளவையும் எடுங்கள். விரல் பலகையின் மேல்நுனியில் தந்தி தாங்கும் சின்னக் கட்டையிலிருந்து குதிரை நிற்கும் இடம்வரை. அந்த இடத்தை எஃப் துளைகளின் உட்பக்க வெட்டுக்குறிகள் காட்டும். 104 முதல் 107 சென்ரிமீற்றர் வந்தால் அது முக்கால் அளவு. முக்கால் என்றதும் குறைந்தது என்று நினைக்க வேண்டாம், உலகில் பெரியவர்கள் வாசிக்கும் பேஸில் பெரும்பாலானவை அந்த அளவுதான்.

விரல் பலகை கருங்காலியா என்றும் பாருங்கள். நம் வன்னிக் காட்டில் நிற்கிற அதே கருங்காலிக்கு வாத்திய உலகில் பெரிய மதிப்பு. மலிவு வாத்தியங்களில் வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். தந்தி ஓடிய தடத்தில் வெளிறிய மரம் தெரிந்தால் அது சாயம். உடனே "அப்ப காட்டில ஒரு கட்டை எடுத்துப் புதுசாப் போடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அனுமதியில்லாமல் தறித்தால் வழக்கு ஒரு பக்கம், பச்சை மரத்தில் செய்த விரல் பலகை வருடம் போவதற்குள் வளைவது மற்றப் பக்கம்.

இப்போது ஒட்டுகளைச் சோதியுங்கள். இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். முதலில், தந்திகளின் கீழ்நுனி பூட்டப்படும், இப்போது தொங்கிக்கொண்டிருக்கும் டெயில்பீஸுக்குக் கீழே ஒரு துணியை மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் அது பலகையைக் கீறும். பிறகு அறையில் விசிறியை நிற்பாட்டிவிட்டு, நடுவிரல் மொழியால் மேற்பலகையின் ஓரம் முழுக்க, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒருதரம், மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். ஒட்டு நன்றாக இருக்கிற இடத்தில் சத்தம் குறுகி, 'டொக்' என்று நிற்கும். விட்ட இடத்தில் 'ஜர்ர்' என்ற ஒரு நடுக்கம் கூட வரும். காது உடனே பிடித்துவிடும். சந்தேகமான இடத்தில் மெல்லிய கடதாசி ஒன்றை நுழைத்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் சும்மா போகிறதோ அவ்வளவு விட்டிருக்கிறது. தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் ஒரு தாளில் படமாக வரைந்து குறியுங்கள். வாத்தியத்தில் பென்சில் கோடு வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். அது வார்னிஷையும் உரித்துக்கொண்டு வரும். பின்பலகைக்கும் இதேபோலச் செய்யுங்கள்.

ஓரம் விட்டிருப்பது சின்ன விஷயம். கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு மூன்று. குதிரையின் மெல்லிய தந்திப் பக்கக் காலுக்குக் கீழே, போஸ்ட் நிற்கிற இடத்தில், நார் ஓடும் திசையில் ஒரு வெடிப்பு. தடித்த தந்திப் பக்கக் காலுக்குக் கீழே உட்புறம் நெடுக ஒட்டியிருக்கும் சட்டம் விட்டிருப்பது. கழுத்து உடலோடு சேரும் அடிப்பகுதியில் வெடிப்பு. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அது கழன்ற கணக்கில் வராது, அனுபவமுள்ள கைக்குப் போக வேண்டும்.

இருக்கிற இரண்டு தந்தியையும் "எப்படிச் சத்தம் வருது பாப்பம்" என்று முறுக்கவே கூடாது. நாலு இரும்புத் தந்தியும் சுருதிக்கு ஏறினால் மொத்த இழுவை நூறு கிலோவைத் தாண்டும். அந்தப் பாரத்தில் குதிரை அமுக்குவதைக் கீழே இருந்து தாங்குகிறது சவுண்ட் போஸ்ட். அது இல்லாமல் தந்தியை ஏற்றினால் மேற்பலகை உள்ளே இறங்கும், வெடிக்கவும் கூடும். பெரியப்பாவின் பிள்ளைகள் யாராவது லீவில் வந்து ஆசையாக முறுக்கப் போவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

போஸ்டை எஃப் துளைக்குள்ளால் எடுத்து, குதிரையோடு சேர்த்து ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். அந்தப் போஸ்ட் இந்த உடலின் வளைவுக்கென்று நுனி சீவப்பட்டது, குதிரையின் கால்களும் அப்படித்தான். இரண்டும் துலைந்தால் புதிதாகச் செய்யப் பணமும் நாளும் போகும். போஸ்டை நிறுத்த எஸ் வடிவில் வளைந்த ஓர் ஆயுதம் வேண்டும், வயலினுக்கு உள்ளதுதான், பெரிய அளவில். தடியாலும் கம்பியாலும் முயன்று எஃப் துளையின் விளிம்பைக் கடித்து வைத்தவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் யாரிடம் கொடுப்பது? யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று இருந்த பல்கலைக்கழகப் பீடத்தில் வயலின் படித்தவர்கள், படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்கள் வயலினுக்கு யார் போஸ்ட் நிறுத்துகிறார், யார் ஒட்டுகிறார் என்று அவர்களிடம் விசாரியுங்கள். வயலின் வேலை சுத்தமாகச் செய்கிறவருக்கு பேஸின் ஓர ஒட்டு புதிதல்ல. கொழும்பில் இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958 இலிருந்து இயங்குகிறது. அங்கே பேஸ் வாசிக்கிறவர்கள் தங்கள் வாத்தியத்தை எங்கே கொடுக்கிறார்கள் என்பதும் நல்ல தடயம். ஆள் கிடைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன பசை பாவிப்பீர்கள், வார்னிஷை என்ன செய்வீர்கள். முதலாவதுக்கு வச்சிரம் என்றும், இரண்டாவதுக்குத் தொடமாட்டேன் என்றும் பதில் வந்தால் கொடுங்கள். "நல்ல ஸ்ரோங்காய் ஒட்டித் தாறன்" என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வாங்கோ.

ஓடாவியாரையும் முற்றாகத் தள்ளிவிட வேண்டாம். அவர் கையால் செய்ய ஒரு வேலை இருக்கிறது: இதற்கு ஒரு தாங்கி. வாத்தியத்தின் அடியில் நீட்டி நிற்கும் அடிக்கம்பிக்கு ஒரு குழி, இரண்டு இடுப்புக்கும் துணி சுற்றிய இரண்டு கை, சாயாத அகலமான அடி. நல்ல பலகையில் அவர் செய்தால் கடையில் வாங்குவதைவிட உறுதியாக இருக்கும். வாத்தியம் பிளைவூட்டாகவும் விட்ட ஒட்டு சாண் அளவுக்குள்ளும் இருந்து, வச்சிரத்தைக் காய்ச்சித் தண்ணியாகப் போட்டு, ஆணியில்லாமல் கவ்வி போட்டுப் பிடிக்க அவர் உடன்பட்டால், அதையும் அவரே செய்யட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

பொலிஷ் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். பழைய வார்னிஷைச் சுரண்டிப் புதிதாக அடித்த பேஸின் விலை பாதியாய் விழும், சத்தமும் மூடும். ஸ்பிரிட் பட்டால் பழைய வார்னிஷ் கரைந்துவிடும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் இரண்டும் வெடிப்புக்குள் ஊறிப் பிறகு பசை பிடிக்க விடாது. பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்து, இறுக்கிப் பிழிந்து, தூசியை மட்டும் எடுங்கள், உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். குதிரைக்கும் விரல் பலகைக்கும் நடுவில் வெள்ளையாகப் படிந்து இறுகியிருப்பது வில்லுக்குப் பூசும் பிசினான ரொசின், அதைத் திருத்துகிறவரிடம் விடுங்கள். உள்ளே பல்லி முட்டையும் குளவிக்கூடும் இருக்கும். வயலின் என்றால் ஒரு கைப்பிடி அரிசி போட்டுக் குலுக்கிக் கொட்டுவார்கள். ஓரம் விட்டிருக்கும் பேஸைத் தலைகீழாய்ப் பிடித்துக் குலுக்குவது புத்தியில்லை, ஒட்டின பிறகு பார்க்கலாம். மேலே உள்ள, தந்தி முறுக்கும் பிருடைகளின் பித்தளைப் பற்களைப் பழைய பல்துலக்கியால் தட்டி, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டால் சரி. மரத்தில் படாமல்.

தந்தி. நாலும் சேர்ந்த நல்ல ஒரு செட் நூறு அமெரிக்க டொலருக்கு மேல் போகும், உள்ளூரில் கிடைப்பது அருமை. ஆனால் சுருட்டினால் ஒரு சின்னப் பொதிதான். ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வருகிற சொந்தக்காரரின் பெட்டியில் இடம் பிடிக்காது. விரலால் மட்டும் வாசிப்பதென்றால் ஸ்பைரோகோர், வில்லும் பிடிப்பதென்றால் ஹெலிகோர் ஹைபிரிட் என்ற தந்தி வகைகளைச் சொல்வார்கள். எதுவானாலும் பழைய வாத்தியத்துக்கு முதலில் இழுவை குறைந்த வகையை எடுப்பிக்கவும். பெரியப்பாவின் பழைய தந்திகளை எறிய வேண்டாம். குடல் தந்தியா, இரும்பா என்று பார்த்தால் அவர் எந்தக் காலத்துப் பாணியில் வாசித்தார் என்று தெரியவரும். 1970 க்கும் 1977 க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த நாட்டில் வாசித்தவர். அறுந்த தந்தியையும் எடுத்து வைத்திருந்தால் அதிசயமில்லை.

எல்லாம் பூட்டின பிறகு இரண்டு பழக்கம் வேண்டும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நாலையும் ஒன்றாய்த் தளர்த்தினால் குதிரையும் போஸ்டும் திரும்ப விழும். சுருதி ஏற்ற ஏற்றத் தந்தி குதிரையின் தலையை விரல் பலகைப் பக்கம் இழுக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்து, டெயில்பீஸைப் பார்க்கிற முகம் பலகைக்குச் செங்குத்தாய் நிற்கும்படி இரண்டு கையாலும் மெல்லத் தள்ளிக்கொடுங்கள். கவனிக்காமல் விட்டால் குதிரை வளையும், ஒருநாள் பெரிய சத்தத்தோடு விழும். மாரியில் மேற்பலகை ஊதுவதால் தந்தி உயர்ந்து விரல் நோகும், கோடையில் தாழ்ந்து விரல் பலகையில் அடிபடும். குதிரைக் கால்களில் சின்னச் சக்கரம் வைத்த திருகு போட்டுவிட்டால் அதை நீங்களே ஏற்றி இறக்கலாம். விரல் பலகையின் கீழ்நுனியில் மெல்லிய தந்திக்குக் கீழே 6 மில்லிமீற்றர், தடித்ததற்குக் கீழே 9 என்ற அளவில் தொடங்குங்கள்.

பழகுவதற்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் கர்நாடக வயலின் படித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். காதுக்கு அது பெரிய உதவி, கைக்கு அவ்வளவு இல்லை. நாலு தந்தியும் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. ஒவ்வொன்றும் முந்தியதற்குச் சுத்த மத்தியமம். வயலினில் போல ஸ, ப என்று நினைத்துக் கை வைத்தால் எல்லாம் பிசகும். ஈ தந்தியின் அதிர்வு நொடிக்கு 41 சொச்சம், போனில் இருக்கிற டியூனர் அதைக் கேட்கத் திணறும். தந்தியின் சரி நடுவில் விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மேல் ஸ்தாயி ஒலிக்கும், டியூனர் பிடித்துவிடும்.

தூரம்தான் மலைக்க வைக்கும். வயலினில் முதல் அரைச் சுரத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர்கூட வராது. இதில் கிட்டத்தட்ட 6. ஒரு முழுச் சுரத்துக்கு பதினொன்றரை. அதனால்தான் கீழ் நிலைகளில் மூன்றாம் விரலைத் தனியாகப் பாவிப்பதில்லை. சுட்டுவிரல், நடுவிரல், பிறகு மோதிரவிரல் துணை நிற்கச் சின்னவிரல். சுட்டுவிரலுக்கும் சின்னவிரலுக்கும் நடுவில் ஒரே ஒரு முழுச் சுரம்தான். மிச்சத்துக்குக் கை முழுவதும் இடம் மாற வேண்டும். வியன்னாவில் படிப்பித்த பிரான்ஸ் சிமாண்டில் என்ற பேஸ் ஆசிரியர் 19 ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய முறை இது, இன்றைக்கும் பெரும்பாலானவர்கள் தொடங்குவது இதில்தான். விரலை அகட்டி எட்டிப் பிடிக்கப் பார்த்தால் மணிக்கட்டுப் போய்விடும்.

நிற்கும்போது அடிக்கம்பியின் உயரத்தை, மேல்நுனிக் கட்டை உங்கள் நெற்றி மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். வாத்தியத்தின் பின் மூலை இடது இடுப்பில் சாயட்டும், இடது கைப் பெருவிரல் அதைத் தாங்கக்கூடாது. இரண்டு கையையும் எடுத்தாலும் அது விழாமல் சாய்ந்து நின்றால் நிலை சரி. சீமெந்து நிலத்தில் கம்பி வழுக்கும், சைக்கிள் ரயர்த் துண்டு ஒன்றைக் கீழே போடுங்கள். விரலால் மீட்டுவது நுனியால் அல்ல, சுட்டுவிரலின் பக்கச் சதையால், விரல் பலகை முடியும் இடத்துக்குக் கிட்ட, கையின் பாரத்தை விட்டு. முதல் கிழமைகளில் கொப்பளம் வரும். ஒருநாளைக்குக் கால் மணித்தியாலம் போதும். சுருதிப் பெட்டியை டி யில் வைத்து, அதன்மேல் வெறும் தந்திகளையும் பிறகு ஒரு ஸ்தாயியையும் மிக மெதுவாகப் போங்கள். ஆரோகணத்தில் காது பழகின பிள்ளைக்கு, பட்டன் போல அடையாளம் ஒட்டிய விரல் பலகை தேவையில்லை என்பது என் எண்ணம். மேற்கத்தைய ஆசிரியர்கள் சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

வில் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. பெரியப்பா பாண்டில் வாசித்தவர் என்றால் இல்லாமலும் இருக்கலாம். அலுமாரிக்குள் நீளப் பெட்டி ஏதாவது கிடக்கிறதா என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். கிடைத்து, வில்லில் கட்டிய குதிரைமயிர் அறுந்து தொங்கினால், மூடிய பெட்டிக்குள் மயிர் தின்னும் பூச்சி வேலை செய்திருக்கும். பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் காற்றாட விடுங்கள். வயலின் ரொசின் இதற்குப் போதாது, பேஸ் ரொசின் வேறு, ஒட்டும் தன்மை கூடியது. நம் சூட்டில் அது உருகி வழியும், கிண்ணத்தோடு நிமிர்த்தியே வையுங்கள்.

எங்கேயாவது கொண்டுபோவதென்றால் ஹயஸ் வானில் பின் கதிரையை மடித்து, மெத்தைமேல் விலாப்பக்கமாகக் கிடத்தி, விடியற்காலையில் புறப்படுங்கள். ஏ9 வீதியில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது வானை வெயிலில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், மூடிய வானுக்குள் வருகிற சூட்டில் வச்சிரம் இளகும். கழுத்தைப் பிடித்து ஒருவர் தூக்குவதும் வேண்டாம், இரண்டு பேர் தூக்குங்கள்.

விற்பதைப் பற்றிப் பெரியப்பாவின் மகன் பேசியிருக்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். செதுக்கிய பழைய ஜெர்மன் வாத்தியம் என்றால் வெளிநாட்டில் பல ஆயிரம் டொலர் போகும் என்பது உண்மை. அதற்குக் கடினப் பெட்டி செய்து விமானத்தில் அனுப்பும் செலவும் அதே உண்மை. வில்லின் நுனியில் யானைத் தந்தம் இருந்தால் எல்லையில் பிடிப்பார்கள். 2008, 2009 இல் வன்னியை விட்டு ஓடிய சனம் சுமந்துபோனதில் ஆளுயர வாத்தியத்துக்கு இடம் இருந்திருக்காது. இது வவுனியாவில் இருந்தபடியால் தப்பியது. இந்தப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்ன முடிவெடுத்தாலும், என்ன இருக்கிறதென்று தெரிந்தபிறகு எடுங்கள்.

எனக்குப் படம் அனுப்புங்கள். முன்பக்கம் முழுதாக, பின்பக்கம் முழுதாக, எஃப் துளையின் வெட்டு விளிம்பு மிகக் கிட்ட, உள்ளே இருக்கும் லேபல், கழுத்தின் அடி, குதிரையின் இரண்டு முகம், அதோடு ஒட்டு விட்ட இடங்களை நீங்கள் குறித்த தாள். பிளாஷ் போடாமல், யன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். குதிரையில் வயர் போன துளை ஏதாவது இருந்தால் அதையும் எடுங்கள், சத்தத்தை ஸ்பீக்கருக்கு எடுக்கும் பிக்கப் பூட்டி வாசித்திருக்கலாம்.